முந்நூறா, நானூற்றைம்பதா?

1998-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், கணினிப் பித்துப் பிடித்த பலர் விநோதமான ஒரு கைவேலையில் இறங்கியிருந்தார்கள். இன்டெல் நிறுவனத்தின் செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் செயலியை வாங்குவார்கள். அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளில் பி21 என்ற ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதன்மேல் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டுவார்கள். டேப் நிற்கவில்லை என்றால் நகப்பாலிஷைத் தடவுவார்கள். பிறகு செயலியை மதர்போர்டில் செருகி மின்சாரம் கொடுத்தால், 300 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டு விற்கப்பட்ட சாதனம் திரையில் 450 என்று காட்டும். காட்டுவது மட்டுமல்ல, அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓடவும் செய்யும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை ஏற்றியிறக்கும் பாதைக்கு பஸ் என்று பெயர். செயலி தன் வேகத்தைத் தானே முடிவு செய்வதில்லை. பஸ்ஸின் துடிப்பை வாங்கி, உள்ளே இருக்கும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 300ஏ செயலியின் பெருக்கெண் நாலரை. அதை ஆலையிலேயே பூட்டி அனுப்பிவிட்டார்கள். பஸ் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் செயலி 300. பஸ் 100-க்குப் போனால் செயலி 450. பி21 முனைதான் மதர்போர்டிடம் ‘நான் 66 ஜாதி’ என்று சொல்லும் வாய். அந்த வாயைப் பொத்தினால் மதர்போர்டு அதை 100 என்று நினைத்துக்கொள்ளும்.

கூத்து என்னவென்றால், 300ஏ அறிமுகமான அதே 1998 ஆகஸ்ட் 24-ஆம் தேதி இன்டெல் தன் உயர்விலைச் செயலியான 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ஐயும் வெளியிட்டது. மொத்தமாக வாங்குவோருக்கு அதன் விலை 669 டாலர். செலரானின் விலை 149 டாலர். டேப்பின் விலை கணக்கில் வராது.

அப்படியானால் அந்தச் சில்லின் உண்மையான வேகம் எது? முந்நூறா, நானூற்றைம்பதா? கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி போலத் தோன்றினாலும், ஏதென்ஸிலும் நாளந்தா மரபிலும் சித்தாந்த மடங்களிலும் வெவ்வேறு பெயர்களில் பல நூற்றாண்டு அலசப்பட்ட கேள்விதான் இது. ஒரு பொருளின் திறன் அந்தப் பொருளுக்குள் இருக்கிறதா, அல்லது அது சேரும் இடத்திலிருந்து வருகிறதா?

முதலில் செயலி எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும், உக்கிராண அறையிலிருந்து சாமான் வந்தால்தான் அடுப்பில் ஏதாவது ஏறும். உக்கிராணம் நினைவகம், சாமான் தூக்கி வருகிற பையன் பஸ். அந்தக் காலத்து பஸ் ஒரு நடையில் 8 பைட் சுமந்தது. 66 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 533 மெகாபைட், 100-ல் 800 மெகாபைட். சமையல்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி ஒன்று இருந்தால், கடுகுக்கும் மிளகுக்கும் ஒவ்வொரு முறையும் பையனை விரட்டவேண்டியதில்லை. அந்த அஞ்சறைப் பெட்டிக்குக் கணினியில் கேஷ் என்று பெயர்.

1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இன்டெல் செய்த சிக்கனம் இந்த அஞ்சறைப் பெட்டியில்தான். பென்டியம் 2-இன் அதே மூளை. ஆனால் இரண்டாம் அடுக்கு கேஷ் அறவே கிடையாது. விலை குறைந்தது, வேகமும் படுத்துவிட்டது. ‘விரைவான’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்த பெயரை வைத்துக்கொண்டு அந்த 266 மெகாஹெர்ட்ஸ் செலரான் அலுவலக மென்பொருள்களில் தடுமாறியதைக் கண்டு விமர்சகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஆனால் அதே செயலி குவேக் 2 போன்ற விளையாட்டுகளில் கௌரவமாகவே ஓடியது. அந்த விளையாட்டு தசமக் கணக்கை அதிகம் போடும். உக்கிராணத்துக்கு அடிக்கடி ஆள் அனுப்பாது. ஒரே சில்லு கடிதம் தட்டும்போது மந்தம், துப்பாக்கி சுடும்போது சூரன். ‘இந்தச் செயலி வேகமானதா?’ என்ற கேள்விக்கு எந்த வேலையில், எதன் துணையோடு என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாத நிலை அப்போதே வந்துவிட்டது.

நான்கே மாதத்தில் வந்த 300ஏ அந்தக் குறையைச் சரிசெய்தது. வெறும் 128 கிலோபைட் கேஷ்தான்; ஆனால் அது சில்லுக்குள்ளேயே செதுக்கப்பட்டு, செயலியின் முழு வேகத்தில் ஓடியது. 75 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்த சில்லு 1.9 கோடியாகப் பெருத்தது. கூடுதலான அத்தனையும் ஏறக்குறைய இந்தப் பெட்டிக்கே போயிற்று. பென்டியம் 2-இன் பெட்டி நான்கு மடங்கு பெரியது, 512 கிலோபைட். ஆனால் அது சில்லுக்கு வெளியே, அதே அட்டையில் தனித்தனிச் சில்லுகளாக உட்கார்ந்து பாதி வேகத்தில்தான் ஓடியது. சிறியது அருகில், பெரியது தள்ளி. அதனால்தான் 450-க்கு ஏற்றப்பட்ட 149 டாலர் சில்லு, 669 டாலர் சில்லுக்குப் பல வேலைகளில் சரிக்குச் சரி நின்றது.

இனித் தத்துவத்துக்கு வரலாம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் மெகாரா நகரத்துச் சிந்தனையாளர்கள் ஒரு கறாரான நிலையை எடுத்தார்கள். ஒரு பொருள் எதைச் செய்துகொண்டிருக்கிறதோ அதற்கான திறன் மட்டுமே அதற்கு உண்டு. செய்யாதபோது திறனும் இல்லை. அவர்களைக் கேட்டால் டேப் ஒட்டும்வரை அந்தச் செயலி 300 மட்டும்தான். ஒட்டிய கணத்தில் புதிதாக 450 பிறந்தது. அரிஸ்டாட்டில் தன் ‘மெட்டாஃபிசிக்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் இவர்களை ஒரு பிடி பிடிக்கிறார். அப்படியானால் வீடு கட்டாத நேரத்தில் கொத்தனார் கொத்தனாரே இல்லை. மறுபடி கரண்டியைக் கையில் எடுக்கும்போது அந்தக் கலையை எங்கிருந்து பெற்றார்? கண்ணை மூடும்போதெல்லாம் மனிதன் குருடனாகிறான் என்றால், ஒரே ஆள் ஒரு நாளில் எத்தனை முறை குருடாவது? இந்தக் கிண்டலுக்கு மெகாராக்காரர்களிடம் நல்ல பதில் இல்லை.

300ஏ விஷயத்திலும் அரிஸ்டாட்டில் பக்கமே நியாயம் இருக்கிறது. எல்லா 300ஏ சில்லும் 450-க்கு எழுந்து நிற்கவில்லை. சில சுலபமாக ஏறின. சிலவற்றுக்கு 2 வோல்ட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கவேண்டியிருந்தது. சில எதற்கும் மசியவில்லை. அதனால்தான் வாங்குகிறவர்கள் மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பதைப் போல, சில்லின் முதுகில் இருந்த ஆலைக் குறியீட்டையும் தயாரித்த வாரத்தையும் பார்த்து வாங்கினார்கள். டேப் எல்லோருக்கும் ஒரே டேப்தான். பஸ்ஸும் ஒரே பஸ்தான். விளைவு வேறுபடுகிறது என்றால், சில்லுக்குள் ஏதோ ஒன்று முன்பே இருந்திருக்கவேண்டும்.

எள்ளுக்குள் எண்ணெய் முன்பே இருக்கிறது, செக்கு அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான் என்று சாங்கியர் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. சற்காரியவாதம் என்று நம் பண்டிதர்கள் இதைச் சொல்வார்கள். மண்ணில் இல்லாத குடம் புதிதாக உண்டாகிறது என்று நியாய வைசேஷிகர் மறுப்பார்கள். இரண்டு கட்சிக்கும் தத்துவ மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். செலரானுக்கு அவ்வளவு வேண்டாம்.

ஆனால் எள் உவமையை அப்படியே ஏற்பதிலும் ஓர் இடறல் இருக்கிறது. செக்கு எண்ணெயில் கலப்பதில்லை. பஸ்ஸோ 450 என்ற எண்ணுக்குள்ளேயே நூறாக உட்கார்ந்திருக்கிறது. நாலரை மட்டும்தான் செயலியின் சொத்து, நூறு வெளியாருடையது. பெருக்கற்பலனில் எந்தப் பாகம் யாருடையது என்று பிரிக்க முடியுமா? அதோடு நூறு வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பிசி100 ரகத்து நினைவகம் வேண்டும், 440பிஎக்ஸ் மாதிரி ஒரு சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். பழைய 66 ரகத்து நினைவகத்தைச் செருகியிருந்தால் பல கணினிகள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

இங்கே பௌத்தச் சிந்தனையாளர் நாகார்ஜுனர் குறுக்கே வருகிறார். தன் மூலமத்தியமக காரிகையின் முதல் அத்தியாயத்திலேயே அவர் காரணங்களையும் துணைநிலைகளையும் பிரித்துப் போட்டுத் தேடுகிறார். விளைவு தனித்தனிக் காரணத்திலும் இல்லை, எல்லாவற்றையும் கூட்டிவைத்த குவியலிலும் இல்லை. எந்தப் பொருளுக்கும் பிறரைச் சாராத தன்னியல்பு கிடையாது என்பது அவர் முடிவு. அவர் பார்வையில் 450 சில்லுக்குள்ளும் இல்லை, பஸ்ஸுக்குள்ளும் இல்லை. 300-ம் அப்படித்தான். 300 என்பதை ஏதோ இயற்கை நிலை போலவும் 450-ஐச் செயற்கை போலவும் பேசுவது வெறும் வழக்கம். 66 பஸ்ஸும் யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த சார்புதானே.

இந்த வாதத்துக்குக் கணினி வரலாறு எதிர்பாராத ஒரு சாட்சியைத் தருகிறது. சில்லுக்கு ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற எல்லைக்கோடே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பென்டியம் 2-இல் வெளியே இருந்த கேஷ், செலரான் 300ஏ-யில் உள்ளே வந்தது. நினைவகத்தோடு பேசும் கட்டுப்பாட்டுப் பகுதி மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. 2003-இல் ஏஎம்டியின் அத்லான் 64-இலும், 2008-இல் இன்டெலின் நெஹாலம் வரிசையிலும் அதுவும் செயலிக்குள் புகுந்துவிட்டது. 66-ஆ 100-ஆ என்று ஊரையே அடித்துக்கொள்ள வைத்த அந்தப் பழைய பஸ் அத்தோடு வழக்கொழிந்தது. நேற்றுவரை ‘பிறர்’ ஆக இருந்தது இன்றைக்கு ‘தான்’ ஆகிவிட்டது. தன்னியல்பு என்று ஒன்றைப் பிடிவாதமாகப் பேசுகிறவர்கள், கோட்டை எந்த வருடத்தில் போடுவது என்று முதலில் சொல்லவேண்டும்.

இருந்தாலும் நாகார்ஜுனரின் தராசில் முன்சொன்ன அந்த மசியாத சில்லு எடையே காட்டுவதில்லை. எல்லாம் சார்பு என்றால், ஒரே சார்பில் ஒன்று ஏறியதும் மற்றொன்று விழுந்ததும் ஏன்? அதன் சிலிக்கான் செதுக்கலும் ஒரு சார்பு என்று அவர் சொல்வார். சரி, ஆனால் அந்தச் சார்பு மட்டும் டேப்பைக் கழற்றினாலும் கழன்று வருவதில்லை.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் வேறு மாதிரி நடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த மரபில், உயிருக்கு அறிவு உண்டு. ஆனால் அது தானே விளங்குகிற அறிவல்ல. சித்தாந்த ஆசிரியர்கள் இதற்குத் திரும்பத் திரும்ப எடுப்பது கண்ணின் உவமை. பார்க்கும் ஆற்றல் கண்ணுக்குச் சொந்தம். ஆனால் ஒளி உதவாமல் கண் எதையும் பார்க்காது. இருளில் இருளோடு சேர்ந்து கிடக்கும். ஒளி வந்ததும் ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை, ஒளியே பார்ப்பதும் இல்லை. குருடனுக்கு நடுப்பகலும் உதவாது. ஆற்றல் தன்னுடையது, விளக்கம் பிறரால் வருவது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல இந்த மரபுக்குத் தயக்கமில்லை. சேர்ந்த பொருளின் தன்மையை ஏற்று நிற்பதே உயிரின் இயல்பு என்கிற அளவுக்கு அது போகிறது. சார்ந்திருப்பதும் ஓர் இயல்பாகலாம் என்ற இந்தச் சிந்தனை, தன்னியல்பா சார்பா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிற தகராறை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

செயலிக்கு ஆன்மா இல்லை. மதர்போர்டு அருளும் அல்ல. உவமையை அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் டேப் ஒட்டிய சில்லையும், ஒட்டியும் எழாத சில்லையும் ஒரே விளக்கத்தால் சொல்ல முடிகிற நிலை எது என்று பார்த்தால், மெகாராவைவிடவும் எள்ளைவிடவும் கண்ணும் ஒளியும்தான் பொருந்துகின்றன. அரிஸ்டாட்டிலும் இதற்குப் பக்கத்தில் வந்தவர்தான். எப்போது, எப்படி, எந்தச் சூழலில் என்ற நிபந்தனைகளைத் திறனின் வரையறைக்குள்ளேயே அவர் வைத்துவிட்டார்.

ஒளியும் அளவாக வரவேண்டும் என்பதற்கு அந்தக் காலத்து மதர்போர்டுகளே சாட்சி. 66-க்கும் 100-க்கும் நடுவே 75, 83 என்ற படிகளும் அவற்றில் இருந்தன. பயந்த சுபாவக்காரர்கள் நூறு வேண்டாம், 83 போதும் என்று நின்றார்கள். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. ஹார்ட் டிஸ்க் முதலியவை தொங்கும் பிசிஐ பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டும். 66-ஐ இரண்டால் வகுத்தால் 33, 100-ஐ மூன்றால் வகுத்தால் 33. 83-ஐ இரண்டால் வகுத்தால் 41-ஐத் தாண்டும். செயலி பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும். வட்டில் எழுதிய கோப்புகள் பாழாகும். அரைத் துணிச்சலுக்கு முழுத் தண்டனை.

பிறகு வந்த சில வருடங்கள் இந்தக் கதையின் மறுபக்கம். இன்டெல் செலரானின் எண்ணை ஏற்றிக்கொண்டே போனது, பஸ்ஸை 66-இலேயே கட்டிப்போட்டுவிட்டு. 533 மெகாஹெர்ட்ஸ் செலரானில் செயலி எட்டு முறை துடித்தால் பஸ் ஒரு முறை துடிக்கும். 766-க்கு வந்தபோது பதினொன்றரைத் துடிப்புக்கு ஒரு துடிப்பு. சமையல்காரர் கை பரபரக்க நிற்கிறார். பையன் அதே பழைய நடையில் வருகிறான். 2000 ஜூனில் ஏஎம்டி கொண்டுவந்த டியூரான் செயலியின் பஸ், ஒரு துடிப்புக்கு இரண்டு முறை சுமந்து 200-க்குச் சமமாக ஓடியது. ஒரே மெகாஹெர்ட்ஸில் நிறுத்திப் பார்த்தால் செலரான் பின்தங்கியது வெட்டவெளிச்சமாயிற்று. 2001 ஜனவரியில் வந்த 800 மெகாஹெர்ட்ஸ் செலரானுக்குத்தான் முறைப்படி 100 பஸ் கிடைத்தது. 766-இலிருந்து 800 என்பது எண்ணில் ஐந்து சதவீதம்கூட இல்லை. பாதை சுமக்கும் அளவிலோ பாதிக்குப் பாதி கூடுதல்.

இதற்குள் இன்னொரு சங்கதியும் நடந்திருந்தது. 2000 மார்ச்சிலிருந்து வந்த செலரான்கள் தனியாகச் செதுக்கப்பட்டவை அல்ல. பென்டியம் 3-இன் அதே சில்லு. அதன் 256 கிலோபைட் கேஷில் பாதியை மூடிவைத்துச் செலரான் என்று பெயரிட்டார்கள். இதற்கும் முன்னோடி உண்டு. 1991-இல் இன்டெல் விற்ற 486எஸ்எக்ஸ் செயலியில் தசமக் கணக்குப் பகுதி சில்லிலேயே இருந்தது, முடக்கப்பட்டுக் கிடந்தது. அது வேண்டும் என்பவர்களுக்கு 487எஸ்எக்ஸ் என்று ஒரு ‘துணைச்’ சில்லை விற்றார்கள். அது துணையே அல்ல, முழு 486 செயலி. செருகியதும் பழையதைத் தூங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். மலம் என்ற உயிரின் அழுக்கு மறைத்த அறிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் சித்தாந்த வகுப்பில் இந்தச் சில்லைக் கையில் கொடுத்தால் பாடம் சுலபமாகும்.

பாதியை மூடி விற்பது ஏமாற்றா? விலையையும் குறைத்துத்தான் விற்றார்கள். ஆகவே அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கண்டிக்கவேண்டியது வேறொன்று. பெட்டியின்மேல் 766 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 66 என்பதைக் கண்ணில் படாத மூலையில் ஒதுக்கியது அரை உண்மை. திறன் சேர்க்கையில் இருக்கும்போது, சேர்க்கையின் ஒரு முனையை மட்டும் எண்ணாக்கி விற்பதில் நேர்மை குறைவு. 2001 அக்டோபரில் ஏஎம்டி தன் அத்லான் எக்ஸ்பி செயலிகளுக்கு மெகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 1500+, 1800+ என்று வேறுவகை எண்களைச் சூட்டியது. 1800+ உண்மையில் 1533 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் திருத்துகிறார்கள் என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் துடிப்பு மட்டுமே திறன் ஆகாது என்று ஒரு பெரிய நிறுவனமே விளம்பரத்தில் ஒப்புக்கொண்டது.

நினைவகம்தான் கழுத்தை நெரிக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களுக்குப் புதுச்செய்தி அல்ல. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ், 1977-ஆம் ஆண்டின் டூரிங் விருதுக்கான உரையில், செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான ஒடுங்கிய பாதையை ஒரு குறுகிய சீசாக் கழுத்தோடு ஒப்பிட்டுப் பெயரும் சூட்டினார். 1995-இல் வில்லியம் வுல்ஃபும் சாலி மெக்கீயும் எழுதிய சிறு கட்டுரை, செயலியின் வேகமும் நினைவகத்தின் வேகமும் விலகிக்கொண்டே போய் ஒருநாள் சுவரில் முட்டும் என்று எச்சரித்தது. செலரான் அந்தச் சுவரில் மலிவு விலையில் முட்டியது.

இன்றைக்கும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குறைந்த விலைக் கணினிகளில் பலவற்றில் நினைவகம் ஒரே அட்டையாக வருகிறது. டிடிஆர்4-2400 ரகத்து ஒற்றை அட்டை நொடிக்கு 19.2 கிகாபைட் தரும். இரண்டு அட்டைகளை இருவழியாகப் போட்டால் 38.4. கிராபிக்ஸ் பகுதியும் செயலிக்குள்ளேயே இருந்து அதே நினைவகத்தைப் பங்குபோடும் மலிவுச் செயலிகளுக்கு, உதாரணமாக 2018-இல் 99 டாலருக்கு வந்த ரைசன் 3 2200ஜி-க்கு, இந்த வித்தியாசம் விளையாட்டுகளில் கண்கூடாகத் தெரியும். சில்லு அதே சில்லுதான். அதன் பெயர்ப் பலகையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

செலரான் என்ற பெயரே இப்போது புது மடிக்கணினிகளில் இல்லை. 2022-இல் அறிவித்து, 2023-இலிருந்து இன்டெல் அதைக் கைவிட்டுவிட்டது. பழைய செலரானோ, வேறு மலிவுச் செயலியோ போட்ட கணினி வீட்டில் மெதுவாக ஓடுகிறது என்றால், செயலியைத் திட்டிப் பழைய சாமான் கடையில் போடுமுன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று அங்கே எழுதியிருந்தால், அதே ரகத்தில் இன்னோர் அட்டை வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.